நகப்பூச்சு அழிந்த ஸ்பிரிங்

கிண்ணத்தில் இருந்த தின்னர் லேசான ரோஸ் நிறத்தில் இருப்பதைக் கஸ்தூரி கவனித்தபோது உள்ளே ஆட்டம் தொடங்கிவிட்டிருந்தது. ஹாரன் அலறி ஓய்ந்து, கொட்டகைக்குள் இருக்கிற பேட்டரி துப்பாக்கிகள் எல்லாம் ஒரே சமயத்தில் சடசடக்க ஆரம்பித்து, தகரச் சுவரில் பிளாஸ்டிக் குண்டுகள் பட்டுத் தெறித்து, யாரோ ஒரு பெண் பயந்து கத்தி அப்புறம் தானே சிரித்துக்கொண்டாள். தின்னருக்கு நிறம் கிடையாது. காலையில் டின்னிலிருந்து ஊற்றியபோது அது தெளிவாகத்தான் இருந்தது, மூக்கை மட்டும் அரித்தது. அழுக்கு கிரீஸ் கரைந்தால் கறுப்பாகும், துரு கரைந்தால் பழுப்பாகும், ரோஸ் எங்கிருந்து வரும்? அவள் கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்தாள், விளக்கைக் கிட்டே இழுத்துப் பார்த்தாள், ஒன்றும் தெரியாதவள் போல இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். நகப்பூச்சு. ஸ்பிரிங்கின் வாலில் அவள் வைக்கிற சிவப்பு நகப்பூச்சு. பெட்ரோலில் எத்தனை தடவை கழுவினாலும் அது போகாது, அந்தத் தைரியத்தில்தான் அதையே அடையாளமாக வைத்திருந்தாள். இன்றைக்குப் பெட்ரோல் தீர்ந்துபோயிருந்தது. வாசல் போர்டுக்குப் பெயிண்ட் அடிக்க வாங்கியதில் தின்னர் மிச்சம் இருந்தது. எல்லாம் ஒன்றுதானே என்று ஊற்றினாள். ஒன்றல்ல என்பது நகத்துக்குப் பூச்சு போட்டு அழிக்கிற எந்தப் பெண்ணுக்கும் தெரியும். இவள்தான் ஆயுளில் ஒரு தடவைகூடப் போட்டுக்கொண்டதில்லை.

கேளம்பாக்கத்தைத் தாண்டி உள்ளே போகிற சாலையில், முன்பு உர மூட்டை அடுக்கியிருந்த இந்தக் கிடங்கை ரியாஸ் என்கிற பையன் வாடகைக்குப் பிடித்து, டிரம்மும் டயரும் ஒட்டுப்பலகைச் சுவரும் வைத்து யுத்தகளமாக்கியிருந்தான். சனிக்கிழமை ஆனால் கம்பெனிக்காரர்கள் வேன் பிடித்து வந்து, முகமூடி மாட்டிக்கொண்டு, ஒருத்தரை ஒருத்தர் சுட்டுத் தள்ளிவிட்டு, பிரியாணி சாப்பிட்டுப் போவார்கள். சுடுவதெல்லாம் மிளகைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளை உருண்டைகள். துப்பாக்கிகளை மூச்சோடு வைத்திருப்பது கஸ்தூரியின் வேலை. ஆடுகளத்தைத் தடுத்துக் கட்டிய வலைக்கு இந்தப் பக்கம், தூணை ஒட்டி அவள் மேஜை. துப்பாக்கியின் வயிற்றுக்குள் ஒரு மோட்டார் பற்சக்கரங்களைச் சுற்றும், சக்கரம் பிஸ்டனைப் பின்னால் இழுக்கும், பிஸ்டன் ஸ்பிரிங்கை அமுக்கும், பல் தீர்ந்த இடத்தில் ஸ்பிரிங் விடுபட்டு அடிக்க, காற்று உருண்டையைத் தள்ளிக்கொண்டு போகும். அவ்வளவுதான் அதன் சூட்சுமம். மோட்டார் சுற்றியும் குண்டு வரவில்லையென்றால் பிஸ்டன் பல் மொட்டை. விசையை இழுத்தும் சத்தமே இல்லையென்றால் ஃப்யூஸ், இல்லாவிட்டால் கருகிப்போன காண்டாக்ட். ஊளையிட்டால் சக்கரத்துக்கடியில் வாஷர் போதவில்லை. ஒவ்வொரு நோய்க்கும் ஒரு சத்தம் இருந்தது அவளுக்குப் பிடித்திருந்தது, மனிதர்களிடம் அந்த வசதி இல்லை. கொட்டகைக்குள் ஆடுகிற துப்பாக்கிக்கு எப்போதும் சாஃப்ட் ஸ்பிரிங், வாலில் சிவப்பு வைத்தது. கிட்டே நின்று சுட்டாலும் சட்டைக்கு மேல் ஒரு சுரீர், அதோடு சரி. ஞாயிற்றுக்கிழமைகளில் சொந்தத் துப்பாக்கியோடு வருகிறவர்கள் பின்னாலிருக்கும் பொட்டலில் எட்டி நின்று ஆடுவார்கள், அவர்களுக்கு ஹார்டு ஸ்பிரிங். அதைக் கொட்டகைக்குள் கொண்டுவரவே கூடாது. கிட்டத்தில் பட்டால் தோலைக் கிழிக்கும், பல்லை உடைக்கும். கண் என்றால் பேச்சே இல்லை.

காலையில் இரண்டு துப்பாக்கிகள் ஒரே தட்டில் பிரிந்து கிடந்தன. வாடகைக்கு விடுகிற மஞ்சள் டேப் சுற்றியது ஒன்று, ஞாயிற்றுக்கிழமைக்காரர் ஒருவர் சர்வீஸுக்குக் கொடுத்துவிட்டுப் போன கறுப்பு ஒன்று. ஒரு தட்டு, ஒரு துப்பாக்கி என்பது அவளே தனக்குப் போட்டுக்கொண்ட சட்டம். வேன் வருகிறது, வேன் வருகிறது என்று ரியாஸ் உயிரை எடுத்த அவசரத்தில் அந்தச் சட்டம் காற்றில் போனது. இரண்டு ஸ்பிரிங்கையும் ஒரே கிண்ணத்தில் போட்டு அலசினாள். இரண்டும் ஒரே நீளம், ஒரே பளபளப்பு. கம்பியின் கனத்தில் மயிரிழை வித்தியாசம். அப்புறம் ஒன்றை எடுத்து மஞ்சளுக்குள் வைத்து மூடி, ஸ்க்ரூ முடுக்கி, பேட்டரி சொருகி, இரண்டு தடவை வெறுமனே சுட்டுப் பார்த்து, வலை ஓரத்தில் சாய்த்து வைத்தாள். எடுத்தது எது? வாலில் சிவப்பு இருந்ததா? இருந்ததாக ஞாபகம். ஆனால் எத்தனையோ தடவை சிவப்பைப் பார்த்து எடுத்த கை, இல்லாத சிவப்பையும் பார்த்திருக்கும். வீட்டைப் பூட்டினோமா என்று பஸ்ஸில் உட்கார்ந்து யோசிக்கும்போது பூட்டுகிற கை தெளிவாகத்தான் தெரியும், அது நேற்றைய கையாக இருக்கும். சர்வீஸ் முடிந்த துப்பாக்கியை வேகம் காட்டும் பெட்டிக்குக் குறுக்கே சுட்டுப் பார்க்காமல் வெளியே விடுவதில்லை. பெட்டி ரியாஸின் அறையில் சார்ஜில் இருந்தது. போய் எடுத்துவர வேண்டும் என்று நினைத்தாள், நினைத்தபடியே துப்பாக்கிகளை ஒவ்வொன்றாக நீட்டிக்கொண்டிருந்தாள். இப்போது மேஜைமேல் ஒரு ஸ்பிரிங் கிடக்கிறது. அதைக் கட்டைவிரலால் அமுக்கினாள். ஹார்டாக இருந்தது. மறுபடி அமுக்கினாள். அப்படியொன்றும் ஹார்டாக இல்லை. இரண்டும் கையில் இருந்தால் ஒப்பிட்டுச் சொல்லிவிடலாம், ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு விரல் என்ன சொல்லும்? எதைக் கேட்டாலும் ஆமாம் என்றுதான் சொல்லும்.

தூணில் சிவப்புப் பட்டன் இருந்தது. அமுக்கினால் ஹாரன் அலறும், எல்லாரும் துப்பாக்கியைத் தாழ்த்தி அப்படியே நிற்க வேண்டும். யார் வேண்டுமானாலும் அமுக்கலாம் என்று பக்கத்தில் எழுதியும் ஒட்டியிருந்தது. கையை நீட்டினால் எட்டும் தூரம். அவள் ரியாஸின் அறைக் கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் போனில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். போன மழைக்காலத்தில் ஆட்டத்துக்கு நடுவே ஒரு பூனை உள்ளே புகுந்துவிட்டது, இவள் பட்டனை அமுக்கிவிட்டாள். வந்தவர்கள் சிரித்தார்கள். ரியாஸும் அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு, எல்லாரும் போன பிறகு, பூனைக்கெல்லாம் ஆட்டத்தை நிறுத்தினால் கடையை மூடிக்கொண்டு நாமும் பூனை வளர்க்கப் போகலாம் என்று சொன்னான். நல்ல பையன்தான், குரலைக்கூட உயர்த்தவில்லை, ஆனால் அந்த வார்த்தை அவளுக்கு இன்னும் தொண்டையில் நின்றது. நிச்சயமாகத் தெரியாமல் அமுக்கக் கூடாது. தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. மிச்சமிருக்கும் ஸ்பிரிங்கைக் கறுப்புத் துப்பாக்கிக்குள் போட்டு மூடி, பெட்டிக்குக் குறுக்கே ஒரு குண்டு சுட்டால் போதும். வேகம் அதிகம் காட்டினால் இதுதான் ஹார்டு, மஞ்சளுக்குள் இருப்பது சாஃப்ட், கவலையில்லை. குறைவாகக் காட்டினால் அப்போது அமுக்கலாம். இது சரியான வழி என்று அவளுக்குப் பட்டது. வேலை தெரிந்தவள் செய்கிற வழி. சக்கரங்களை எடுத்தாள், அச்சில் உட்காரவைத்தாள், வாஷர் சரியாக இருக்கிறதா என்று சுற்றிப் பார்த்தாள். சனியன், இன்றைக்கென்று அது வழுக்கிக்கொண்டு சுற்றியது, ஒரு குறையும் சொல்ல முடியவில்லை.

மஞ்சள் யார் கையில் போனது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். தாடி வைத்த ஒரு பையன், சிவப்பு அணி. இன்றைக்கு அப்ரைசலுக்கெல்லாம் சேர்த்து இருக்கிறது சார் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே எதிர் அணியில் நின்ற தன் மேனேஜரைப் பார்த்து அதைத் தூக்கிக் காட்டினான். அந்த மேனேஜர் சம்பத். சம்பத்தை அவள் முகத்தைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்ளவில்லை. வேனிலிருந்து இறங்கின கூட்டம் சிதறி நின்றபோது ஒருத்தர் கையை இரண்டு தடவை தட்டி, லைனா நில்லுங்க, லைனா நில்லுங்க என்றார். அந்தத் தட்டல் அவள் முதுகில் விழுந்தது, முதுகு நிமிர்ந்துவிட்டது; எத்தனை வருஷம் ஆனாலும் முதுகு மறக்காது போலிருக்கிறது. திரும்பிப் பார்த்தால் தொப்பையும் கண்ணாடியும் வழுக்கையுமாக வேறு யாரோ. மீசையை எடுத்துவிட்டிருந்தார். அவருக்கு இவளைத் தெரியவில்லை. அவர் சூப்பர்வைசராக இருந்த ஃபாக்டரியில் எல்லாப் பெண்களும் தொப்பி போட்டு வாயில் துணி கட்டியிருப்பார்கள், அவர் பார்த்ததெல்லாம் குனிந்த பிடரிகள்தான். துப்பாக்கி வாங்க வந்தபோது குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

“ஏம்மா, இது பட்டா ரொம்ப வலிக்குமா? எனக்கு சுகர் இருக்கு, புண்ணு வந்தா ஆறாது.”

“எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும் சார்,” என்றாள் கஸ்தூரி.

அவள் குரல் எப்போதும்போலத்தான் இருந்தது. அதுதான் இப்போது உறுத்தியது. அந்தக் கைத்தட்டல் கேட்டது எப்போது? ஸ்பிரிங்கை உள்ளே வைத்து மூடினதற்கு முன்பா, பின்பா? மூடியாகிவிட்டது, துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன், அப்போதுதான் வேன் சத்தம், அப்புறம் தட்டல். அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் தட்டல் கேட்ட நிமிஷத்தில் கை ஈரமாக இருந்த ஞாபகம், தின்னர் காய்கிறபோது வருகிற அந்த ஜில்லிப்பு. ஈரமாக இருந்தால் அப்போதுதான் கிண்ணத்திலிருந்து எடுத்திருக்கிறேன். அப்படியென்றால் அவரைத் தெரிந்த பிறகுதான் எடுத்தேன். தெரிந்த பிறகு எடுத்தால் என்ன? கைக்கு என்ன தெரியும், கை தன் பாட்டுக்கு எடுக்கும். தன் பாட்டுக்கு எடுக்கிற கைதான் பிரச்சினை. காலையில் ஒரு தடவையாவது தட்டைத் திரும்பிப் பார்த்தேனா, வேண்டுமென்றே பார்க்காமல் இருந்தேனா? இந்த இடத்துக்கு வந்ததும் யோசனை ஆணியில் மாட்டின சேலை மாதிரி நின்றது. இழுத்தால் கிழியும், விட்டால் அங்கேயே தொங்கும். அவள் மறுபடி வேன் சத்தத்திலிருந்து ஆரம்பித்தாள். வேன், தட்டல், துணி. வேன், ஈரம், தட்டல். ஒவ்வொரு தடவையும் வேறு வரிசையில் வந்தது, ஒவ்வொன்றும் நிஜம் மாதிரியே வந்தது. கிரீஸ் டப்பாவைத் திறந்து சக்கரத்தின் பற்களுக்கு நிதானமாகப் பூசினாள். ஒரு குண்டு சுட்டுப் பார்க்க கிரீஸ் எதற்கு என்று கேட்க அங்கே யாரும் இல்லை.

அம்பத்தூரில் மிக்ஸிக்கு மோட்டார் செய்கிற தொழிற்சாலை அது. கஸ்தூரி ஹாலின் இந்தக் கோடியில் செம்புக் கம்பி சுற்றுவாள், அவள் கூட்டாளி குளோரி அந்தக் கோடியில் வார்னிஷ் தொட்டிக்குப் பக்கத்தில், சங்கிலியில் தொங்கிவருகிற சுருள்களைத் திருப்பிவிடுவாள். இரண்டு பேரும் ஒரே பஸ், ஒரே தூக்குவாளி, யார் கொண்டுவந்தாலும் பாதி பாதி. சங்கிலி மெதுவாகத்தான் போகும். மெதுவாகப் போகிற இயந்திரத்தின் குரூரம் யாருக்கும் தெரிவதில்லை, எல்லாரும் வேகமாகப் போவதைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். குளோரியின் கையுறை சங்கிலியில் மாட்டிக்கொண்டது. பெண்கள் கண்டதற்கெல்லாம் லைனை நிறுத்துகிறார்கள் என்று அவர்கள் பக்கத்திலிருந்த பட்டன்களுக்கெல்லாம் தகடு அடித்து மூடியிருந்தார்கள், சூப்பர்வைசர் சம்பத் மேஜையில் மட்டும் ஒன்று இருந்தது. குளோரி கத்தவில்லை, சார், சார் என்றுதான் கூப்பிட்டாள், கூப்பிட்டுக்கொண்டே சங்கிலியோடு பக்கவாட்டில் நடந்தாள். சம்பத்தின் கை பட்டன்மேல் போய்விட்டது. போன கை நின்றது. அவன் திரும்பி மேனேஜரின் கண்ணாடி அறையைப் பார்த்தான். பார்த்துவிட்டுத்தான் அமுக்கினான். ஒரு மூச்சு, மிஞ்சிப்போனால் இரண்டு மூச்சு. அதற்குள் சங்கிலி பல்சக்கரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கையுறையோடு போயிருக்க வேண்டியது இரண்டு விரலோடு போனது. ஹாலின் இந்தக் கோடியிலிருந்து கஸ்தூரி அந்தத் திரும்பலைப் பார்த்தாள். அதற்கப்புறம் அந்த ஒரு திரும்பலை அவள் பார்க்காத நாளே கிடையாது. குளோரி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கட்டிலோரத்தில் உட்கார்ந்து கஸ்தூரி சொன்னாள், நான் அங்கே இருந்திருந்தா அப்பவே அமுக்கியிருப்பேன்டீ என்று. எனக்குத் தெரியாதா என்றாள் குளோரி. பிறகு கண்ணீர் வற்றி, கோபம் வற்றி, ஃபாக்டரியையே இழுத்து மூடி, குளோரி ஆவடியில் இடியாப்பம் பிழிந்து விற்க ஆரம்பித்த பிறகும், இரண்டு பேருக்கும் நடுவில் அந்த வாக்கியம் மட்டும் அப்படியே இருந்தது. சினேகிதமே அதன்மேல்தான் நிற்கிறதோ என்று சில சமயம் அவளுக்குத் தோன்றும்.

தாழ்ப்பாளின் குட்டி ஸ்பிரிங் இடுக்கியிலிருந்து தெறித்து எங்கோ போனது. சக்கரம் பின்னால் சுற்றாமல் பிடிக்கிற தாழ்ப்பாள், அதற்கு அரிசிமணி அளவில் ஒரு ஸ்பிரிங். அது இல்லாமல் மூட முடியாது. குனிந்து மேஜைக்கடியில் தேடினாள். தேடும்போது காது மட்டும் கொட்டகைக்குள் இருந்தது. ஹார்டு ஸ்பிரிங் போட்ட துப்பாக்கி கொஞ்சம் திணறும், குண்டுக்கும் குண்டுக்கும் இடையே இடைவெளி விழும், அடி கெட்டியாகக் கேட்கும். இத்தனை சடசடப்பில் மஞ்சளின் குரல் எது? அதோ, டயர் அடுக்குக்குப் பின்னால் ஒன்று திணறுகிறது. டக், டக், டக். அதுதானா? பேட்டரி இறங்கினாலும் அப்படித்தான் திணறும். மஞ்சளுக்கு நேற்றைய பேட்டரியைத்தான் சொருகினேன், அதனால்தான் திணறுகிறது. இல்லை, நேற்றையதை நீலத்துக்குச் சொருகினேன். எழுந்து வலை வழியாகப் பார்த்தாள். தாடிக்காரன் டிரம்மிலிருந்து டிரம்முக்குத் தாவிக்கொண்டிருந்தான், சுடவில்லை, குண்டைச் சேமிக்கிற சாமர்த்தியசாலி. சம்பத் ஒட்டுப்பலகைச் சுவருக்குப் பின்னால் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். முட்டி போட வராத வயசு, ஒரு கையைத் தரையில் ஊன்றியிருந்தார். முகமூடிக்குள் அவர் கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது போல, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். முகமூடியை லேசாகத் தூக்கி விரலை உள்ளே விட்டுத் துடைத்தார். முகமூடி, முகமூடி என்று ஆட்டத்தை மேற்பார்க்கிற ஜெயசீலன் தூரத்திலிருந்து கத்தினான். சட்டென்று இறக்கினார், சாரி என்று யாருக்கோ கைதூக்கினார். பயந்த மனுஷன். கஸ்தூரி வலையை விட்டு நகரவில்லை. பயம்தான் என்று முதலில் நினைத்தாள். பயம் மட்டும் இல்லை. இன்னொரு தடவை தூக்குவாரா என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குட்டி ஸ்பிரிங் செருப்புக்கடியில் கிடைத்தது. பொருத்தினாள். இனி பிஸ்டனை வைத்து, அந்த ஸ்பிரிங்கை உள்ளே விட்டு மூடி போட வேண்டியதுதான். அதற்கு முன்னால் பிஸ்டன் பல்லை ஒரு தடவை துடைத்தாள், துடைத்த பல்லையே மறுபடி துடைத்தாள், சூப்பராக இருந்தது, புதுப் பிஸ்டன் தோற்றது. எதற்குத் துடைக்கிறாய், மூடேன். மூடினால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் அமுக்க வேண்டும். தெரியாத வரைக்கும் நான் வேலை செய்துகொண்டிருக்கிறேன், வேலை செய்கிறவளை யார் என்ன சொல்ல முடியும். என்ன ஆகிவிடும், எல்லாரும் முகமூடி போட்டிருக்கிறார்கள். கழுத்து இருக்கிறது. கழுத்தில் பட்டால் சுகர்காரருக்கு ஆறாது. ஆறாமல் போகட்டுமே, குளோரிக்கு ஆறியதா. இந்த வாக்கியம் அவளுக்குள்ளே அவள் குரலிலேயே கேட்டது, ரொம்ப சாதாரணமாக, உப்பு குறைகிறது என்பது மாதிரி. அவள் நிமிர்ந்தாள். தாடிக்காரன் ஒட்டுப்பலகைச் சுவரின் அந்தப் பக்கத்துக்கு வந்துவிட்டிருந்தான், சுவர் தீரும் இடத்தில் பதுங்கி உட்கார்ந்து, மஞ்சளைத் தோளுக்கு ஏற்றினான். இந்தப் பக்கம் சம்பத். நடுவில் ஒட்டுப்பலகையின் ஓரம் மட்டும். சம்பத் மறுபடியும் முகமூடிக்குக் கையைக் கொண்டுபோனார். இந்தத் தடவை முழுசாகத் தலைக்கு மேலே தூக்கி, கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைக்க ஆரம்பித்தார். கண்ணாடி இல்லாத அந்தக் கண்கள் சின்னதாக, இடுங்கி, எதையும் பார்க்க முடியாமல் இவள் இருந்த திசையையே பார்த்தன. ஜெயசீலன் மறுகோடியில் யாரிடமோ வாதாடிக்கொண்டிருந்தான். கஸ்தூரி ரியாஸின் கண்ணாடி அறையைத் திரும்பிப் பார்த்தாள். எதற்குப் பார்த்தாள் என்று தெரியாது, கழுத்து தானாகத் திரும்பியது. திரும்பிய கழுத்து மீண்டு வருவதற்குள் ஹாரன் அலறிக்கொண்டிருந்தது, அவள் விரல் பட்டன்மேல் இருந்தது.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் மளமளவென்று நடந்தது. துப்பாக்கிகள் தாழ்ந்தன. தாடிக்காரன் எழுந்து, செட்டாகி வந்த நேரத்தில் இப்படிச் செய்துவிட்டார்களே என்று அலுத்துக்கொண்டான். ரியாஸ் போனோடு வெளியே வந்து, என்னக்கா, மறுபடியும் பூனையா என்றான். ஸ்பிரிங் மாறியிருக்கும் என்று சந்தேகம், மஞ்சளைப் பார்க்க வேண்டும் என்றாள். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. அறைக்குப் போய்ப் பெட்டியை அவனே தூக்கிக்கொண்டு வந்தான். எல்லாரும் முகமூடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வலையோரம் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவள் மஞ்சளை வாங்கிப் பெட்டிக்கு நேராக வைத்து விசையை இழுத்தாள். எண் எரிந்தது. ஒழுங்கான, குறைந்த எண். மறுபடி இழுத்தாள், அதே எண். சாஃப்ட் ஸ்பிரிங்தான். காலையில் சிவப்பைப் பார்த்தது நிஜம். முழுசாகக் கரைவதற்கு முன்னால் எடுத்துவிட்டிருக்கிறாள், கை ஒரு தப்பும் பண்ணவில்லை. ரியாஸ் பெருமூச்சு விட்டான், சும்மா பயமுறுத்திட்டீங்களேக்கா என்றான், பரவாயில்லை, சந்தேகம்னா நிறுத்துறதுதான் சரி என்று வந்தவர்கள் காதில் விழுகிற மாதிரி சேர்த்துக்கொண்டான். அந்த எண்ணைப் பார்த்ததும் அவள் நெஞ்சில் முதலில் வந்தது நிம்மதி இல்லை. நிம்மதி பின்னால் வந்தது, பாத்திரம் கழுவி முடிந்த பிறகு வருகிற வேலைக்காரி மாதிரி. முதலில் வந்தது ஏமாற்றம். சின்னதுதான், கண் இமைக்கிற நேரம்தான் இருந்தது, ஆனால் ஏமாற்றம்தான். அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. சம்பத் வலையை ஒட்டி வந்து, கண்ணாடியைத் துடைக்க ஒரு துணி கிடைக்குமா என்று கேட்டார். எண்ணெய் படாத துணியாகத் தேடிக் கொடுத்தாள்.

“நல்ல காரியம் பண்ணினம்மா,” என்றார் அவர் துடைத்துக்கொண்டே. “யோசிக்காம அமுக்கின பாரு. அது எல்லாருக்கும் வராது.”

சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றார், இன்னும் எதையோ சொல்லப்போகிறவர் மாதிரி. துணியை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கையை இரண்டு தடவை தட்டி ஆள்களைக் கூப்பிட்டுக்கொண்டு போனார். ஆட்டம் மறுபடி தொடங்கி, முடிந்து, பிரியாணிப் பொட்டலங்கள் வந்தன. சிவப்பு அணி ஜெயித்தது. சம்பத்துக்கு முதுகில் இரண்டு இடத்தில் பட்டதாம், எறும்பு கடிதான் என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார். கஸ்தூரி தன் மேஜையை விட்டு எழவில்லை. கறுப்புத் துப்பாக்கியின் சக்கரங்களில் கிரீஸ் பளபளத்தது. இவ்வளவு அழகாக அவள் என்றைக்கும் பூசினதில்லை. அந்த மினுமினுப்பைப் பார்க்கப் பார்க்க அதற்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும் என்று உடம்பு தானே கணக்குப் போட்டது. வாஷர் சரிபார்த்தது, கிரீஸ் பூசியது, குட்டி ஸ்பிரிங்கைத் தேடியது, துடைத்த பல்லைத் துடைத்தது. அன்றைக்குச் சம்பத் ஒரு மூச்சு, மிஞ்சிப்போனால் இரண்டு. இவள் எத்தனை மூச்சு. குண்டு எதுவும் யார் மேலும் படவில்லை என்பதும், உள்ளே இருந்தது சாஃப்ட்தான் என்பதும், அந்தக் கணக்கில் எதையும் குறைக்கவில்லை.

சாப்பாட்டு நேரம் என்று தெரிந்து, எல்லாச் சனிக்கிழமையும் போல, குளோரி போன் பண்ணினாள். இடியாப்ப ஆர்டர், மாவு சலித்த தோள்வலி, மருமகளின் சாமர்த்தியம் எல்லாம் வரிசையாக வந்து தீர்ந்தன. சொல்லக் கூடாது என்றுதான் கஸ்தூரி நினைத்திருந்தாள்.

“இன்னைக்கு சம்பத் இங்க வந்தான்டீ.”

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம்.

“எப்படி இருக்கான்?” என்று கேட்டாள் குளோரி.

“கண்ணாடி போட்டிருக்கான். சுகராம்.”

“இருக்கட்டும். நல்லா இருக்கட்டும், எனக்கென்ன.” குளோரி மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டாள். “அந்த எடத்துல நீ இருந்திருந்தா அப்பவே அமுக்கியிருப்பே. எங்க வூட்டு ஆளுங்ககிட்ட நான் இன்னைக்கும் சொல்லிட்டிருக்கிறது அதான்.”

வழக்கமாக இந்த இடத்தில் கஸ்தூரி ஆமாம் என்பாள். அந்த ஆமாமுக்காகக் குளோரி காத்திருந்தாள்.

“கஸ்தூரி, லைன்ல இருக்கியா?”

இருந்தாள். மேஜைமேல் கிடந்த ஸ்பிரிங்கைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டிருந்தாள். அது ஹார்டு என்று இப்போது விரலுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது.